மாமாவுக்குத் தண்ணீர் மறுத்த கோடை

எனக்குப் பத்து வயது முடிந்திருந்த கோடையில், தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்த பரிசோதனை ஒன்றை நான் கெடுத்தேன். இரண்டாம் முறை அதே பரிசோதனையைக் காப்பாற்றப் போய், ஒரு கல்யாணத்தைக் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சோறு இறங்காமல் திரிந்தேன். இரண்டுமே என் மாமாவை முன்னிட்டு நடந்தவை.

மாமா அம்மாவின் தம்பி. அம்மாவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். பெற்றவர்கள் இருவரும் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாவின் கையில் வளர்ந்தவர். பாலக்கோட்டு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் டெம்போ ஓட்டினார். அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் அம்மா, மாமா, நான் என்று மூன்றே பேர்தான்.

அந்த மாசி மாதம் தொப்பூர் இறக்கத்தில் மாமாவின் டெம்போ கவிழ்ந்தது. தலையில் அடி. பத்து நாள் படுக்கையில் இருந்துவிட்டு, மொட்டைத் தலையும் தையலுமாக வீட்டுக்கு வந்தார். பிழைத்து வந்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தையலை எண்ணிப் பார்த்துவிட்டுத் தெருவில் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

வந்தவர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். முதலில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வெயில் காலம்தானே. ஆனால் காலையில் நிரப்பி வைத்த குடம் பத்து மணிக்குக் காலியாக இருந்தது. ஒரு சொம்பை அண்ணாந்து குடித்து முடித்துக் கீழே வைப்பதற்குள் அடுத்த சொம்புக்குக் கை நீளும். குளிர்ந்த தண்ணீராக இருந்தால் இன்னும் ஆவலாகக் குடிப்பார். அரை மணிக்கு ஒருமுறை கொல்லைப்பக்கம் ஓடுவார். உட்கார்ந்து ஒரு வாய் சோறு முழுதாகத் தின்ன முடியாது. பேசிக்கொண்டே இருப்பவர் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவார். அவர் எழுவதும் போவதும் வருவதும் குடிப்பதுமாக, வீட்டில் யாரும் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார முடியாமல் போயிற்று.

சர்க்கரையோ என்று அம்மா ரத்தம் சோதிக்க வைத்தாள். சர்க்கரை இல்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு அத்தை வந்து, தன் சொந்தக்காரர் ஒருவருக்குக் கிட்னி போனதையும், டாக்டர் அவரைத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னதையும் விலாவாரியாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அத்தையின் பேச்சை அம்மா வேறு எந்த விஷயத்திலும் கேட்டதில்லை. இதில் மட்டும் கேட்டாள்.

மறுநாளிலிருந்து மாமாவுக்குக் காலையில் ஒரு சொம்பு, மதியம் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. குடத்தை அம்மா தன் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நாக்கு ஒட்டிக்குதுக்கா. இன்னும் அரைச் சொம்பு குடுக்கா."

"கொறைச்சாத்தாண்டா கிட்னி தேறும். நீ ஊத்த ஊத்த அது எப்படிடா தாங்கும்? பல்லக் கடிச்சிட்டு இரு சாமி."

இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, டெம்போ ஓட்டுகிறவர், அக்காவை எதிர்த்து ஒரு சொல் பேசாமல் தலையைக் குனிந்துகொள்வார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பெரியவர்களையும் அம்மா அதட்டலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஆனால் மாமா திருடினார். தெருக்குழாயில் குடித்தார். டீக்கடை ஜக்கை எடுத்துக் குடித்தார். ஒருநாள் தக்காளித் தோட்டத்துக்கு அவரைத் தேடிக்கொண்டு போனேன். இரண்டு செடி வரிசைகளுக்கு நடுவில், சொட்டுநீர்க் குழாயின் முனையைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். உதட்டில் சேறு.

"அம்மாகிட்ட சொல்லிராத பாப்பா."

சொல்லவில்லை. ஒரு பெரிய மனிதரின் ரகசியம் என் கையில் இருந்த மகிழ்ச்சியில் அன்று துள்ளிக்கொண்டு வீடு வந்தேன்.

இதற்கு நடுவில் அம்மாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. விபத்துக்கு முன்பே மாமாவுக்குப் பெண் பேசி முடித்திருந்தது. தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு கிராமம். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கிட்னி கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை அங்கே போனால் போதும். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுக் கன்னத்தைப் பிடித்துச் சொன்னாள்:

"யார் கேட்டாலும் மாமாவுக்குத் தலைவலின்னு சொல்லணும். கிட்னின்னு வாயத் தொறந்தே, சூடு வெச்சிருவேன்."

மாமாவின் கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்த பிறகு ஒருவழியாக அம்மா அவரைத் தருமபுரிக்குக் கூட்டிப்போனாள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடவே. அங்கே ஒரு பெண் டாக்டர், கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். தலையில் அடிபட்ட கதையை அவர் இரண்டுமுறை கேட்டார். ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டபோது அம்மா, "மூணே சொம்புதாங்க, அதுக்கு மேல நான் குடுக்கறதே இல்லீங்க" என்றாள் நல்ல பிள்ளை மாதிரி. மாமா கூரையைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். டாக்டர் எங்கள் மூவரையும் பார்த்தார்.

அவர் ஒரு பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். காலை ஏழு மணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. மணிக்கொருமுறை எடை பார்ப்பார்கள். போகிற சிறுநீரை ஜாடியில் பிடித்து அளப்பார்கள். அவ்வப்போது ரத்தம் எடுப்பார்கள். எடை ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிடுவார்கள். ஆகவே பயமில்லை, ஆனால் நடுவில் குடித்தால் எல்லாம் வீண்.

பரிசோதனை நாளன்று மாமாவுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். கட்டில், ஒரு நாற்காலி, மூலையில் எடை பார்க்கும் இயந்திரம், பக்கத்திலேயே கழிவறை. காலையில் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஒன்பது மணிக்கு டாக்டர் பழைய ஸ்கேன் படத்தைக் கேட்டார். அது வீட்டில் பீரோ மேல் இருந்தது. அம்மா கையைப் பிசைந்தாள். பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "நான் போயிட்டு வர்ற வரைக்கும் மாமாவப் பாத்துக்க. ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

காவல் வேலை எனக்குப் பிடித்திருந்தது, ஒரு மணி நேரம் வரை.

பத்தரைக்கு மேல் மாமா கட்டிலில் இருக்கவில்லை. ஜன்னலுக்குப் போனார். கதவுக்குப் போனார். ஜாடியைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போனார்; குழாய்ச் சத்தம் கேட்கிறதா என்று நான் கதவில் காதை வைத்து நின்றேன். ஒரு சொட்டும் குடிக்காத மனிதருக்கு ஜாடி எப்படி நிறைகிறது என்று எனக்குப் புரியவில்லை. அதுவும் குழாய்த் தண்ணீர் போல நிறமே இல்லாமல். எச்சிலைக் கூட்டி விழுங்கப் பார்ப்பார், எச்சில் இருக்காது. உதட்டை நாக்கால் தடவுவார், நாக்கே காய்ந்திருக்கும். கட்டிலின் இரும்புக் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். அது குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

"பாப்பா, எரியுது. மூஞ்சியத் தொடைக்கணும். இந்தத் துண்ட நனைச்சிட்டு வாயேன். குடிக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க. தொடைக்கக் கூடாதுன்னா சொன்னாங்க?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லைதான். தேங்காய்ப்பூத் துண்டு, கனமானது. நனைத்துக் கொண்டுவந்தேன். முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு நீண்ட நேரம் துடைத்தார். தோள்கள் அசைந்தன. திருப்பித் தந்தபோது துண்டு கிட்டத்தட்டக் காய்ந்திருந்தது.

"நல்லாப் பிழியாம எடுத்துட்டு வா கண்ணு."

அப்படியே கொண்டுவந்தேன். ஏழு முறையோ எட்டு முறையோ. ஏதோ சரியில்லை என்று எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே ஓடினேன். ஓடும்போது தரையெல்லாம் சொட்டியது. அதைக் காலால் தேய்த்து மறைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்து எடை பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். மாமாவை இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னார். பிறகு தானே இயந்திரத்தின் மேல் ஏறி நின்று பார்த்தார். தன் எடையில் அவருக்கு ஒரு வருத்தம் வந்தது முகத்தில் தெரிந்தது, ஆனால் இயந்திரம் சரியாகத்தான் இருந்தது. ஐந்து மணி நேரமாக ஒரு சொட்டும் குடிக்காத மனிதர் எடை கூடியிருந்தார்.

டாக்டர் வந்தார். எடைச் சீட்டைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கட்டில் கம்பியில் தொங்கிய துண்டை எடுத்து ஜாடிக்கு மேல் பிழிந்தார். அரை டம்ளர் விழுந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"நானேதாங்க போயிக் குழாயில நனைச்சேன். பாப்பா தூங்கிட்டிருந்துச்சு" என்றார் மாமா.

நான் விழித்த கண்ணோடு தூங்கியவள் போல நின்றேன். டாக்டர் திட்டவில்லை. "இன்னிக்கு வேணாம். தண்ணி குடுங்க. நாளன்னிக்குப் பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் கொடுத்த ஜக்கை மாமா மூச்சு விடாமல் குடித்தார். ஸ்கேன் படத்தோடு வியர்த்துக்கொண்டு வந்த அம்மா, நடந்ததைக் கேட்டுவிட்டுத் தம்பியை அடிக்கவே கை ஓங்கினாள். நர்ஸ் குறுக்கே வந்தார். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அன்று முழுக்க நானும் மாமா மாதிரியே ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.

இரண்டாம் முறை அம்மாவே காவல் இருந்தாள். துண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். குழாய்க்கு வரும் தண்ணீரையும் நர்ஸ் அடைத்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குள் மாமாவின் எடை நன்றாக இறங்கியிருந்தது. இந்த முறை அவர் நடக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஏதாவது கேட்டால் பதில் தாமதமாக வந்தது. இன்னும் ஒரு மணி நேரம், அதோடு முடிந்துவிடும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு பெண் வீட்டார் வந்தார்கள். கல்யாணப் பெண்ணும் அவளுடைய அப்பாவும். யாரோ எங்களை ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்னங்கம்மா, மாப்பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க அண்ணா, தலைவலிதான். சும்மா பாக்கலாம்னு வந்தோம்."

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். மடியில் கட்டியிருந்த திருநீற்றைப் பிரித்து மாமாவின் நெற்றியில் பூசினார். பிறகு மஞ்சள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, சுற்றியிருந்த ஈரத்துணியைப் பிரித்தார். விடியற்காலையில் தீர்த்தமலை ஏறி, பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இன்னும் சில்லென்று இருந்தது. பாட்டிலின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"ஒரு வாய் குடிங்க மாப்பிள்ளை. எந்த வியாதியும் நிக்காது."

நான் அம்மாவைப் பார்த்தேன். கூடாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் கல்யாணம் போய்விடும். தீர்த்தத்தை எப்படி மறுப்பது? "அப்புறமா குடுக்கறேங்க, வெறும் வயித்துல" என்று அவள் ஏதோ ஆரம்பித்தாள்.

"தீர்த்தத்துக்கு என்னங்கம்மா வெறும் வயிறு!"

பாட்டில் மாமாவின் கைக்கு வந்துவிட்டது. அவர் மூடியைத் திருகினார். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கண்ணை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதில் அக்கா இல்லை, கல்யாணம் இல்லை, நானும் இல்லை.

"குடிக்கக் கூடாது! கிட்னி டெஸ்ட்டு! குடிச்சா எல்லாம் வீணாப் போயிரும்!"

அறைக்கு வெளியே வரை கேட்கும்படி நான்தான் கத்தினேன். கத்திக்கொண்டே போய் அவர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினேன். பாதித் தீர்த்தம் என் பாவாடையில் கொட்டியது. மாமா என்னைத் தள்ளிவிட்டார். வலிக்கும்படி தள்ளினார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கண்ணீர் வந்ததா என்று தெரியவில்லை.

அம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள். பெண்ணின் அப்பா, "கிட்னியா?" என்று மெல்லக் கேட்டார். அவர் மகளின் கையைப் பிடித்து, "வாம்மா போலாம்" என்றார்.

அந்த அக்கா கையை விடுவித்துக்கொண்டது. கோபமாக அல்ல. "இருப்பா. வந்ததுதான் வந்தோம், டாக்டரக் கேட்டுட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனது. அது போனதைத்தான் பார்த்தேன். டாக்டரிடம் என்ன கேட்டது என்று தெரியாது. கால் மணி நேரம் கழித்து டாக்டரோடு திரும்பி வந்தது.

டாக்டர் எடை பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், போதும் என்றார். சின்னதாக ஒரு பாட்டிலை எடுத்து மாமாவின் மூக்கில் இரண்டு முறை பீய்ச்சினார். அளவாகக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கவும் கொடுத்தார். பிறகு எல்லோரும் காத்திருந்தோம். எதற்காக என்று எனக்குச் சொல்லப்படவில்லை. பெண்ணின் அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த அக்கா ஜன்னலோரம் நின்றது. அரை மணி ஆயிற்று. மாமா எழுந்திருக்கவில்லை. ஒரு மணி ஆயிற்று. மாமா கண்ணை மூடியிருந்தார். அம்மா பயந்துபோய் அவர் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படி ஒரே நிலையில் அவர் கிடந்து பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஜாடியோடு போய் வந்தார். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் கொஞ்சமே இருந்தது. மஞ்சளாக இருந்தது. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். நர்ஸ் சிரித்தார். அம்மா அதைப் பார்த்துக் கும்பிட்டாள். பெண்ணின் அப்பாகூட எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு மனிதரின் மூத்திரம் மஞ்சளாக இருப்பதற்கு இத்தனை பெரியவர்கள் சந்தோஷப்படுவதைப் பார்த்து, எல்லோருக்குமே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"கிட்னிக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் டாக்டர். "தண்ணிய வெளிய விடாம நிறுத்தி வைன்னு கிட்னிக்கு உத்தரவு குடுக்கிற ஹார்மோன் தலைக்குள்ள இருந்து வரணும். அடிபட்டதுல அது வரல. உத்தரவு வராததால கிட்னி வர்றதையெல்லாம் வெளிய விட்டுட்டே இருந்திருக்கு. இப்ப மருந்தா குடுத்ததும் பாருங்க, சொன்ன வேலையச் செய்யுது."

"கிட்னி நல்லாத்தான் இருக்குதாம்ப்பா" என்று அந்த அக்கா தன் அப்பாவிடம் திரும்பச் சொன்னது, அவர் காதில் அது விழுந்திருக்காது என்பது போல. அவர் வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று விடைபெற்றுக்கொண்டு போனார். அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. வைகாசி வேண்டாம், உடம்பு தேறட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்படியே ஆவணியில் நடந்தது. இன்றுவரை மாமாவின் மருந்தைத் தவறாமல் வாங்கி ஃபிரிட்ஜில் வைப்பது அந்த அக்காதான், இப்போது என் அத்தை.

இப்போது நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சிறுநீரகப் பாடத்தில் அந்த ஹார்மோனுக்கு ஒரு பத்திகூடக் கிடையாது. அது இல்லாவிட்டால் சிறுநீரகம் நீரைத் தேக்கிக்கொள்ளாது, நோயாளிக்குத் தீராத தாகம் எடுக்கும். அவ்வளவுதான். பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் அன்று டாக்டர் சொன்ன இன்னொன்றும் இருந்தது. கிளம்பும்போது அம்மாவை மட்டும் நிறுத்தி, ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குடிக்கிறதால அவருக்குப் போகலம்மா. போறதாலதான் குடிச்சாரு. நீங்க குடுத்த மூணு சொம்ப மட்டும் குடிச்சிருந்தார்னா ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டாரு. உங்களுக்குத் தெரியாம எங்கயோ குடிச்சிருக்காரு. அதான் உயிரோட இருக்காரு."

அம்மா தலையாட்டினாள். பஸ்ஸில் பாலக்கோடு வரும்வரை மாமாதான் பேசிக்கொண்டு வந்தார், வழியில் எங்கேயும் இறங்காமல், எதையும் குடிக்காமல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையை மாற்றவில்லை, விளக்குப் போடவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள். குடத்தை நிரப்பினாள். அண்டாவை நிரப்பினாள். பக்கெட்டுகளை, சோறு வடிக்கும் குண்டானை, சொம்புகளை, டம்ளர்களைக்கூட ஒவ்வொன்றாக நிரப்பி வரிசையாக வைத்தாள். பிறகு ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு மாமாவின் முன்னால் வந்து நின்றாள். அவர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "போதும்க்கா" என்றார்.

அம்மா சொம்பைக் கீழே வைக்கவில்லை. "இன்னொரு வாய்டா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "போதும்க்கா, தாகமே இல்ல. டாக்டரும் அளவாக் குடிக்கச் சொன்னாங்கல்ல" என்று அவர் சிரித்தார். அவள் சொம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

மாமாவுக்குத்தான் தாகம் போய்விட்டதே, இந்த அம்மா எதற்கு வீடு முழுக்கத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நடக்கக்கூட இடமில்லாமல், பாத்திரங்களைத் தாண்டித் தாண்டிப் போய் விளக்கைப் போட்டேன்.